ஊசிக்கோபுரத் தேவாலயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜூனில் அலுவலக வேலையாக செயின்ட் பீட்டர்ஸ்பர்க் செல்கிறேன். அரைநாள் கிடைக்கும். பேதுரு-பவுல் கோட்டைக்குள் இருக்கும் பேராலயத்தைப் பார்க்க ஆசை. படங்களில் அது ரஷ்ய தேவாலயம் போலவே தெரியவில்லையே, ஏன்? ஜார்களின் கல்லறைகளைத் தவிர அங்கே எதைக் கவனிக்கவேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அது ரஷ்ய தேவாலயம் போல இருக்கக்கூடாது என்பதுதான் இதைக் கட்டச் சொன்ன ஜார் முதலாம் பீட்டரின் விருப்பம். சிலுவை வடிவக் கூடமும் அதன்மேல் ஐந்து குவிமாடங்களும் மாஸ்கோ மரபு. கட்டடக்கலைஞர் டொமினிகோ ட்ரெஸ்ஸினி 1712ல் தொடங்கிய இந்தக் கட்டடமோ நீள்சதுரக் கூடம், பெரிய ஜன்னல்கள், மேற்கே ஊசிக்கோபுரம் என்று வட ஐரோப்பிய பரோக் பாணியில் அமைந்தது. கோபுரத்தையே முதலில் எழுப்பச் சொன்னார் பீட்டர். 1725ல் அவர் இறந்தபோது சுவர்கள் முடியவில்லை. அந்தச் சுவர்களுக்குள் ஒரு தற்காலிக மரக்கூடத்தில் கிடந்த உடல் 1731ல்தான் அடக்கம் செய்யப்பட்டது. ஆலயம் முடிந்தது 1733ல்.

கல்லறைகளைவிட முக்கியமானது பலிபீடத்தை மறைக்கும் ஐகனோஸ்டாசிஸ் என்பேன். வழக்கமாக அது வரிசை வரிசையாகப் படங்கள் பதித்த தட்டையான சுவர். இங்கே சிற்பி இவான் சருத்னி அதை வெற்றிவளைவாக மாற்றிவிட்டார். மரத்தில் செதுக்கி முலாம் பூசிய தூண்கள், தேவதூதர்கள், அப்போஸ்தலர் சிலைகள்! ரஷ்யர்களின் கிறிஸ்தவப் பிரிவான ஆர்த்தடாக்ஸ் மரபின் ஆலயத்தில் இத்தனை சிலைகள் அபூர்வம். மாஸ்கோவில் செய்து இங்கே கொண்டுவந்து பொருத்தினார்கள். 1756ல் இடி விழுந்து கோபுரம் எரிந்தபோது அவசரமாகக் கழற்றி வெளியே எடுத்ததால் அது பிழைத்தது. கூடத்தின் நடுவில் நின்று பாருங்கள், கிட்டே போனால் வளைவின் ஆழம் தெரியாது. இடப்பக்கத் தூணருகே உள்ள பிரசங்க மேடையும் இந்த மரபுக்குப் புதிது.

மேற்கு வாசலில் நுழைந்ததும் வலப்பக்கம் இருப்பது புனித கேத்தரீன் சிற்றாலயம். 1998ல் கடைசி ஜார் இரண்டாம் நிக்கோலாஸ் குடும்பத்தினரை அடக்கம் செய்தது அங்கேதான். கூட்டமெல்லாம் அந்த வாசலில் தேங்கி நிற்கும். கடைசியில் பாருங்கள். கூடத்தில் வரிசையாக இருப்பவை வெறும் மூடிகள், பெரும்பாலும் வெண்பளிங்கு. உடல்கள் தரைக்கு அடியில். மூலைகளில் இரட்டைத்தலைக் கழுகு இருந்தால் முடிசூடியவர் என்று பொருள். இரண்டாம் அலெக்சாண்டருக்கு மட்டும் பச்சை ஜாஸ்பர் கல், அவர் மனைவிக்கு இளஞ்சிவப்பு ரோடோனைட் கல். இரண்டாம் கேத்தரீன், அவர் கணவர் மூன்றாம் பீட்டர் இருவர் கல்லிலும் அடக்கத் தேதி ஒன்றே. ஒரே நாளில் இறந்தார்கள் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். கணவர் இறந்தது 1762ல், கேத்தரீன் அவரது ஆட்சியைப் பறித்த பிறகு. 1796ல் மகன் பாவெல் அவர் உடலைத் தோண்டியெடுத்துத் தாயின் அருகே வைத்தார். மகனின் பழிதீர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றும்.

கார்க்கோவ்ஸ்கயா மெட்ரோவில் இறங்கி இயோன்னோவ்ஸ்கி பாலம் வழியாக நடந்து வாருங்கள். அப்போதுதான் பீட்டர் வாயிலைக் கடப்பீர்கள். அதன் மேலே, பேதுருவின் ஜெபத்தால் மந்திரவாதி சீமோன் தலைகீழாக விழும் சிற்பம். பீட்டரிடம் போரில் தோற்ற ஸ்வீடன் மன்னருக்கான கேலி அது.

கோட்டைக்குள் நடக்கக் கட்டணமில்லை. தேவாலயத்துக்கும் மணிக்கோபுரத்துக்கும் டிக்கெட் தனித்தனி. கோட்டையின் காட்சியகங்களுக்குப் பொதுவாகப் புதன் விடுமுறை. பருவத்துக்கேற்ப நேரம் மாறும் என்பதால் முந்தையநாள் இணையத்தில் பார்த்துவிடுங்கள். மதியம் 12 மணிக்கு நரிஷ்கின் கொத்தளத்தில் பீரங்கி வெடிப்பார்கள். பார்க்கக் கூடியவர்களில் பலர் அடுத்து தேவாலயத்துக்குத்தான் வருவார்கள். அதற்குள் நீங்கள் உள்ளே பார்த்து முடித்திருப்பது நல்லது.