சன்னி சாவது நோட்ஸில் மட்டும்தான்

கேள்வி: எம்.ஏ. ஆங்கில இலக்கியம் இறுதியாண்டு படிக்கிறேன். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினின் ‘சன்னிஸ் ப்ளூஸ்’ கதையை வைத்து, ‘அழிவு விதிக்கப்பட்ட ப்ளூஸ் கலைஞன்’ என்று ப்ராஜெக்ட் எழுதியிருக்கிறேன். ஹெராயினால் சன்னி இறந்துவிடுவதாக நோட்ஸில் இருக்கிறது. கதையில் அந்த இடம் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் வைவா. தலைப்பை மாற்ற வேண்டுமா?

பதில்: தலைப்பு இருக்கட்டும். ஆளை மாற்றுங்கள்.

அந்த இடம் கிடைக்காததற்குக் காரணம், அது கதையில் இல்லை. கடைசிப் பக்கத்தில் சன்னி நியூயார்க் கிளப் ஒன்றில் பியானோ முன் உட்கார்ந்திருக்கிறான். அண்ணன் அனுப்பிய, பால் கலந்த ஸ்காட்ச்சை ஒரு வாய் குடித்து, அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பியானோ மேல் வைக்கிறான். வாசிப்பு மறுபடி தொடங்க, அது அவன் தலைக்கு மேலே நடுங்குகிறது. பைபிளில் ஏசாயா 51ஆம் அதிகாரத்தில் வரும் தத்தளிப்பின் பாத்திரம் அது. எருசலேம் அதைக் குடித்ததும் அங்கே வருகிறது, கையிலிருந்து அது நீக்கப்படுவதும் வருகிறது. இவனுக்கு எது என்று பால்ட்வின் சொல்லவில்லை. ‘அது திரும்பவும் வரலாம்’ என்று போதையைப் பற்றி சன்னியே அண்ணனிடம் சொல்லிவிடுகிறான். ஆனால் நம் விடைக்குறிப்புக்கு ‘பிழைத்தான்’ அல்லது ‘அழிந்தான்’ வேண்டும், இல்லாவிட்டால் மார்க் விழாது.

இந்த நோட்ஸ் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடைகளில் ப்ராஜெக்டே ‘செய்து’ தருகிறார்கள். ஒருமுறை வைவா எடுக்கப் போனேன். மூன்று பேர் ப்ராஜெக்டிலும், நியூயார்க்கில் இருக்க வேண்டிய ஹார்லெம் சிகாகோவில் இருந்தது! மூன்றிலும் வழிகாட்டியின் கையெழுத்தும் இருந்தது. காப்பி கண்டுபிடிக்கும் மென்பொருளில் சதவீதம் குறைவாக வந்தால் போதும், கதையைப் படித்தாயா என்று யாரும் கேட்பதில்லை. காசு கொடுத்து ஏமாறாதீர்கள். 1957இல் வந்த சிறுகதை, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம்.

சரி, அழிந்தவன் யார்? அவனுக்குப் பெயர் இல்லை, அதனால்தான் நோட்ஸில் இடமும் இல்லை. சன்னியின் அப்பாவுடைய சகோதரன். நல்ல குரல், தோளில் கிதார். ஒரு சனிக்கிழமை இரவு, நிலா வெளிச்சத்தில் இருவரும் வீடு திரும்புகிறார்கள். இவன் சாலையைக் கடக்கும்போது, குடித்திருந்த வெள்ளைக்காரர்கள் கூச்சல் போட்டுக்கொண்டு காரை நேராக இவன் மேல் விடுகிறார்கள். கிதாரின் மரம் நொறுங்குவதும் தந்திகள் தெறிப்பதும் அப்பாவின் காதில் விழுகின்றன. கார் நிற்கவில்லை. அதற்குப் பிறகு, எந்த வெள்ளைக்காரனைப் பார்த்தாலும் இவன்தான் கொன்றவனோ என்று தோன்றும் அவருக்கு, சாகும்வரை. அம்மா இதை மூத்த மகனிடம் மட்டும் சொல்கிறாள், தம்பியைப் பார்த்துக்கொள் என்று. அவன் அல்ஜீப்ரா வாத்தியார் ஆகிறான். தம்பி கைதான செய்தியைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொள்கிறான்.

இப்போது கடைசிக் காட்சிக்குத் திரும்புங்கள். சன்னி வாசிக்கும்போது அண்ணன் கண்ணில் தெரிவது அந்த நிலாச் சாலை. உடைந்த கிதாரில் நின்றுபோனது பியானோவில் கேட்கிறது. அந்த இரண்டு இடங்களையும் இணைத்து எழுதினால் உங்கள் தலைப்பு நிற்கும்.

சன்னி வாசிப்பது ஜாஸ் பியானோ, அவன் ஆதர்சம் ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர். அதனால் அவனை ‘ப்ளூஸ் பாடகன்’ என்று எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். வைவாவில் கேட்டால் அந்தச் சாலை வரும் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். நோட்ஸைப் பையிலிருந்து எடுக்காதீர்கள்.