கத்திரியில் புழு, மகனுக்கு என்ன பதில்?

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் சின்னதாகக் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறோம். நாற்று நட்ட அன்று குடும்பமாக ஜெபம் பண்ணினோம். விளைச்சலைச் சர்ச்சில் படைத்து ஏலம் விடுகிற அறுப்பின் பண்டிகைக்கு முதல் கத்திரிக்காயைக் கொடுப்பதாக மகன் பொருத்தனையும் பண்ணினான். இப்போது நுனியெல்லாம் வாடித் தொங்குகிறது, பிஞ்சிலும் புழு. சர்ச் பக்கமே வராத பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்கோ கொத்துக் கொத்தாய்க் காய்க்கிறது. "ஜெபம் பண்ணியும் ஏம்மா இப்படி?" என்கிறான் மகன், பத்து வயது. செடி கொடிக்கெல்லாம் பிரசங்கம் பண்ணாதே என்கிறார் கணவர். நான் என்ன சொல்ல?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அன்புச் சகோதரி, மகனுக்குப் பதில் அப்புறம், முதலில் செடியைப் பாருங்கள். நுனி தொங்குவது தண்டுத் துளைப்பான் புழுவின் வேலை. வாடிய குருத்தைக் கொஞ்சம் கீழே தள்ளிக் கிள்ளி, நீளவாக்கில் பிளந்து மகனிடம் காட்டுங்கள். குடைந்துபோன வழியும், உள்ளே வெளிறிய ரோஸ் நிறத்தில் புழுவும் இருக்கும். கிள்ளியதையும் ஓட்டை விழுந்த காயையும் உரக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். வாரம் தவறாமல் இதைச் செய்தால் பக்கக் கிளை விட்டுத் திரும்பவும் பூக்கும்.

சரி, இப்போது அவன் கேள்வி. "நம்ம விசுவாசம் பத்தல", "கர்த்தர் சோதிக்கிறார்" என்று அவசரத்துக்கு எதையாவது சொல்லிவைத்தால் இன்றைக்குத் தலையாட்டுவான், பதினாறு வயதில் அதையே உங்களிடம் திருப்பிக் கேட்பான். ஜெபம் பண்ணினவன் செடியில் பூச்சி விழாது என்று வேதத்தில் எங்கும் இல்லை. யோனா 4-ஆம் அதிகாரத்தை அவனோடு உட்கார்ந்து வாசியுங்கள். தீர்க்கதரிசிக்கு நிழல் கொடுத்த ஆமணக்கைப் பூச்சி அரித்துப்போடுகிறது, மனுஷன் செத்தே போகலாம் என்கிற அளவுக்குக் கோபப்படுகிறார். அதற்காக அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. நீ பாடுபடாத, நீ வளர்க்காத செடிக்கே இவ்வளவு வருத்தப்படுகிறாயே, 1,20,000 பேருக்கும் மேலே இருக்கிற நினிவே பட்டணத்துக்காக நான் வருத்தப்படக் கூடாதா என்று தேவன் கேட்கிறார், புத்தகமும் அந்தக் கேள்வியோடு முடிந்துவிடுகிறது. உங்கள் மகனோ தண்ணீர் சுமந்து வளர்த்தவன். யோனாவைவிட அவனுக்கு வருத்தப்பட உரிமை அதிகம், அதை அவனிடமே சொல்லுங்கள். (அங்கே பூச்சியைக் கட்டளையிட்டது தேவன் என்று இருக்கிறதே என்று அவன் மடக்கினால், நம்ம வீட்டுப் புழு அந்துப்பூச்சி போட்ட முட்டையிலிருந்து வந்தது என்று சொல்லலாம், தப்பில்லை.)

அண்ணாச்சி விஷயம் மத்தேயு 5:45-இலேயே இருக்கிறது, தீயோர்மேலும் நல்லோர்மேலும் ஒரே சூரியன். அதற்காக அவரைத் தீயோர் பட்டியலில் சேர்த்துவிடாதீர்கள்! அநேகமாக அவர் தினமும் காலையில் செடிக்குச் செடி குனிந்து பார்க்கிறவராக இருப்பார். மகனை அனுப்பி, என்ன செய்கிறீர்கள் மாமா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். கர்த்தருடைய பதில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வரக் கூடாது என்று சட்டமா என்ன?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. லூக்கா 13-இல் மூன்று வருஷமாய்க் காய்க்காத அத்திமரத்துக்காகப் பரிந்து பேசுகிற தோட்டக்காரன், இன்னும் ஒரு வருஷம் கேட்கிறான், கேட்ட கையோடு சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்றும் சொல்கிறான். மரம் கடைசியில் காய்த்ததா இல்லையா என்று இயேசு சொல்லவே இல்லை. அவரே முடிக்காமல் விட்ட கதைக்கு, மண்வெட்டி பிடித்து நிற்கிற பிள்ளையிடம் நாம் ஏன் முடிவுரை வாசிக்க வேண்டும்? கொத்தட்டும், எருப்போடட்டும். கேட்டால் மட்டும் பேசுங்கள், அதுவும் சுருக்கமாக. ஞாயிறு பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

அப்புறம் அந்தப் பொருத்தனை. தேறின காய் இரண்டே என்றாலும் கொண்டுபோகச் சொல்லுங்கள். பண்டிகை ஏலத்தில் காயின் அழகைப் பார்த்தா விலை கேட்கிறார்கள்? சந்தையில் சீந்தாத பூசணிக்காய் அங்கே பல மடங்கு விலைக்குப் போகும், எடுத்தவரே அதை மறுபடி ஏலத்துக்கு விடுவார். கத்திரி ஒன்றுமே தேறாது என்று பட்டால் இப்போதே ஒரு பாத்தியில் சிறுகீரை தூவிவிடுங்கள், 25 நாளில் பறித்துவிடலாம். "கத்திரிக்காய்னு சொல்லிட்டு கீரையா?" என்று அவன் யோசித்தால், முடிவை அவனிடமே விட்டுவிடுங்கள். பொருத்தனை பண்ணினது அவன்தானே.