மறைத்த எண்களை அப்படியே கூட்டுவது: குலக் கோட்பாடு எதுவரை கைகொடுக்கும்?

சம்மாந்துறை, அக்கரைப்பற்று அரிசி ஆலைக்காரர் தங்கள் நெல் கையிருப்பை ஒருவருக்கொருவர் காட்டாமல் மொத்தத்தை மட்டும் கணிக்க முடியுமா, அதற்குக் குலக் கோட்பாடு (group theory என்ற கணிதப் பிரிவு) உதவுமா என்பது கேள்வி.

கூட்டல் மட்டுமென்றால் தாராளமாக முடியும். 1999இல் குறியாக்கவியலாளர் பாஸ்கல் பையே தந்த முறை இதற்கென்றே செய்தது போலிருக்கும். சின்ன எண்களில் கையாலேயே செய்து பாருங்கள்.

முதன்மை எண்கள் 3, 5. பெருக்கம் 15 பொதுச்சாவி, அதாவது மறைப்பதற்கான, எவருக்கும் தெரியலாகும் எண். கணக்கெல்லாம் 225ஆல் வகுத்து வரும் மீதியில். சம்மாந்துறையில் 2 ஆயிரம் மூடை: 1 + 2×15 = 31. இதை, எழுமாற்றாக எடுத்த 7இன் 15ஆம் வலுவால் பெருக்க மீதி 58. அக்கரைப்பற்றின் 5ஐ, எழுமாற்று எண் 4ஐக் கொண்டு இப்படியே மறைத்தால் 49. இந்த 58ஐயும் 49ஐயும் யாரும் பெருக்கலாம், மீதி 142.

திறப்பவரிடம் இரகசியச் சாவி 4 (3−1, 5−1 ஆகியவற்றின் பொது மடங்குகளுட் சிறியது). 142இன் 4ஆம் வலு 196 மீதி தரும். ஒன்றைக் கழித்து 15ஆல் வகுத்தால் 13. அதை 4ஆல் பெருக்கி (15இன் மீதிக் கணக்கில் 4×4 = 16, மீதி 1; ஆகவே 4இன் நேர்மாறும் 4தான்) 15ஆல் வகுக்க மீதி 7. இரண்டு ஆலையின் மொத்தம் அதுதான்.

காரணம்: 225உடன் பொதுக் காரணியில்லாத 120 எண்கள் பெருக்கலின் கீழ் ஒரு குலம்: எந்த இரண்டைப் பெருக்கினாலும் விடை அதற்குள்ளேயே நிற்கும், ஒவ்வொன்றுக்கும் நேர்மாறு உண்டு. அதில் 15ஆம் வலுக்கள் 8 மட்டும். அவை ஓர் உபகுலம், அதாவது குலத்துக்குள் ஒரு சிறு குலம். அது முழுக்குலத்தையும் 15 வகுப்பாகப் பிரிக்கிறது. நம் எண் எந்த வகுப்பு என்பதே செய்தி, எழுமாற்று எண் அந்த வகுப்புக்குள் ஒளிந்துகொள்ள மட்டும். வகுப்புகளைப் பெருக்கினால் செய்திகள் கூடுகின்றன.

பிழை நேரும் இடங்கள் சில. எழுமாற்று எண்ணை விட்டுவிட்டால் 31ஐப் பார்த்த எவரும் 2 என்று சொல்லிவிடுவார். மொத்தம் 15ஐ எட்டினாலோ தாண்டினாலோ மீதி மட்டுமே கிடைக்கும்: 9+8க்கு 2 வரும். நடைமுறையில் பொதுச்சாவியே 2048 பிட்டுக்குக் குறையாது என்பதால் இது பெரும்பாலும் சிக்கலில்லை, ஆனால் கழித்தல் வந்தால் எதிர்மறை விடை பெரிய எண்ணாகத் தெரியும், கவனம். மறைத்த எண்ணை 16ஆல் பெருக்கி எவரும் ஓராயிரம் மூடையைக் கூட்டிவிடலாம், ஆகவே ஒவ்வொருவரும் கையொப்பமிட்டே அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை, சாவி வைத்திருப்பவரே தனித்தனி எண்களையும் வாங்குவது. கூட்டுபவர் வேறு, திறப்பவர் வேறாக இருக்கட்டும்.

பெருக்கலும் வேண்டுமென்றால் இந்தக் குலம் போதாது. ஐந்து பொருள்களின் 60 இரட்டை வரிசைமாற்றங்கள் போன்ற பரிமாற்றாக் குலத்தில் (பெருக்கும் வரிசை மாறினால் விடையும் மாறக்கூடியது), இரு உறுப்புகளையும் பின் அவற்றின் நேர்மாறுகளையும் அதே வரிசையில் பெருக்கினால், ஒன்று சமனி (பெருக்கினால் எதையும் மாற்றாத உறுப்பு) ஆனாலே விடையும் சமனிதான்; வரிசை மாற்றினால் விடை மாறும் இரு உறுப்புகளானால் சமனி வராது. சமனியை 'இல்லை' என்று கொண்டால், பெருக்கலுக்கு ஒப்பான 'இதுவும் அதுவும்' என்ற தர்க்கம் கிடைத்துவிடுகிறது. அழகான யோசனை. ஆனால் அந்தக் குலத்தைப் பாதுகாப்பாக மறைக்கும் வழிதான் சிக்கல்: அணிகளாக எழுதினால் ஏகபரிமாணச் சமன்பாடுகளே அடிக்கடி காட்டிக்கொடுத்துவிடும். அதனால் இன்று உண்மையில் ஓடுபவை, 2009இல் குறியாக்கவியலாளர் கிரெய்க் ஜென்ட்ரி திறந்த லட்டிஸ் (lattice, ஒழுங்கான புள்ளி வலை) வழியில் வந்த முறைகளே. அவற்றில் எண்ணை மறைக்கச் சேர்த்த சிறு பிழையான இரைச்சலை ஒவ்வொரு பெருக்கலும் கூட்டும். அளவு மீறுமுன் சுத்திகரிக்காவிட்டால் திறக்கும்போது குப்பைதான் வரும்.