ரப்பர் விதை கைத்தடியில் வந்ததா?

கேள்வி: ஐயா, வெள்ளைக்காரர் ஒருவர் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளைக் கைத்தடிக்குள் ஒளித்துக் கடத்தி வந்தார் என்று, தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் தாத்தா சொல்வார். இது உண்மையா?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: விதைகள் வந்தது உண்மை, கைத்தடி கற்பனை. 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசான் காட்டிலிருந்து லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டுசென்றவை ஏறத்தாழ 70,000 விதைகள். சிறுவயதில் தரையில் தேய்த்துச் சூடேற்றித் தோழியின் கையில் வைத்து விளையாடியிருப்பீர்களே, புள்ளி போட்ட அந்தப் பழுப்புக் கொட்டைகள் எத்தனை ஒரு தடிக்குள் அடங்கும்? பட்டுப்புழு முட்டைகளைத் துறவிகள் தடிக்குள் மறைத்துக் கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்திற்குக் கொண்டுவந்ததாக ஒரு பழங்கதை உண்டு. அந்தத் தடியே இங்கு வந்து ஒட்டிக்கொண்டது என்று கருதுகிறேன்.

கடத்தல் என்பதும் பொருந்தாது. ரப்பர் விதை ஏற்றுமதியைத் தடுக்கும் சட்டம் அன்று பிரேசிலில் இல்லை. பிற்காலத்தில் விக்காமே தம் பயணத்தைச் சாகசமாக்கிச் சொன்னார்.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது வேறு. அத்தனை விதைகளில் முளைத்தவை மிகச் சிலவே. அவற்றின் வழியில் 1877-இல் சிங்கப்பூர் வந்த கன்றுகள் வெறும் 22. அவற்றில் 9 கன்றுகள், உங்கள் ஊருக்கு அருகிலேயே உள்ள கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அங்கே மாவட்ட அலுவலகத்தருகே நிற்கிறது. ஒருநாள் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டுங்கள்.