ஸ்டார் ரேட்டிங் பார்த்து ஹெட்போன் வாங்கலாமா? கோத்தகிரி வாசகருக்கு பதில்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எஸ்டேட் குவார்ட்டர்ஸ்ல இருக்கோம் சார். பொண்ணு குன்னூர் காலேஜுக்கு பஸ்ல போய்ட்டு வர்றா, வழியில லெக்சர் கேக்கணும்ங்கிறா. 2,000 ரூபாய்க்குள்ள ரெண்டு ஹெட்போன் பாத்து வச்சிருக்கேன். ஒண்ணு 4.3 ஸ்டார், 40 எம்எம் டிரைவர், ஈஎன்சி. இன்னொண்ணு 3.9 ஸ்டார், ஏஎன்சி. எதை வாங்குறது?

பதில்: அண்ணே, அந்த 4.3ஐயும் 3.9ஐயும் முதல்ல மறந்துடுங்க. பார்சல் வந்த அன்னைக்கே பாக்ஸ் நல்லாருக்கு, டெலிவரி சீக்கிரம் வந்துச்சுன்னு அஞ்சு ஸ்டார் போட்டுட்டு போறவங்க அதுல நிறைய பேர், சத்தத்தைப் பத்தி பேசுறவங்க ரொம்ப கம்மி. பாக்ஸுக்குள்ள ஒரு சீட்டு வச்சு, அஞ்சு ஸ்டார் போட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க, பணம் போடுறோம்னு சொல்ற விக்கிறவங்களும் இருக்காங்க, பழைய மாடலுக்கு வந்த ரிவ்யூ எல்லாத்தையும் புது மாடல் பக்கத்துல சேத்து விட்டுடறதும் நடக்குது. இதுக்குன்னு 2022ல பிஐஎஸ், அதான் பொருளுக்குத் தரம் நிர்ணயிக்கிற மத்திய அரசு அமைப்பு, ஐஎஸ் 19000ன்னு ஒரு தரநிலை கொண்டுவந்தாங்க, ஆனா விருப்பம் இருந்தா கடைபிடிக்கலாம்னு விட்டுட்டாங்க. விருப்பம் இருந்தான்னா எவன் கடைபிடிப்பான்?

ஒரே ஒரு விஷயத்துக்கு ரிவ்யூ உதவும், அதை சரியா படிக்கணும். ஒண்ணு ரெண்டு ஸ்டார் போட்டவங்களை மட்டும் எடுங்க, அதுலயும் வாங்கி மூணு நாலு மாசம் கழிச்சு எழுதினவங்களை எடுங்க. "இடது பக்கம் சத்தம் வரல", "மடக்குற இடத்துல உடைஞ்சிருச்சு", "சார்ஜ் ஏறல" இப்படி ஒரே குறையை வேற வேற ஆளுங்க, வேற வேற மாசத்துல, போட்டோவோட சொல்லிருந்தா அது நிஜமான குறை, அந்த மாடலை விட்டுடுங்க. ஒருத்தர் மட்டும் சொன்னா விட்டுத் தள்ளுங்க. சத்தம் சரியில்லன்னு மட்டும் எழுதிருந்தா அதையும் விட்டுத் தள்ளுங்க, அவர் காது வேற உங்க பொண்ணு காது வேற. காதுல படுற மெத்தை, அதான் பேட், அதோட தோல் உரியுதுன்னு கீழ்நாட்டுல இருந்து யாரும் எழுதலைன்னாலும் நம்ம ஊர் ஈரத்துல, பூஞ்சையில அது வரும், அதனால மாத்து பேட் தனியா கிடைக்குதான்னு பாருங்க.

இப்ப முக்கியமான ஏமாத்து. ஈஎன்சி வேற, ஏஎன்சி வேற. ஈஎன்சி மைக்குக்கு, போன்ல எதிர்பக்கம் பேசுறவங்களுக்கு உங்க பக்கத்து இரைச்சல் கேக்காம பண்றது, உங்க பொண்ணு காதுக்கு அதனால பஸ் சத்தம் ஒரு துளி குறையாது. வேணும்னேதான் இதைப் பெரிய எழுத்துல போடுறாங்க. ஏஎன்சிதான் வெளி சத்தத்துக்கு எதிர் அலை உண்டாக்கி அடக்குறது, அதுவும் பஸ் இன்ஜின், டீ பேக்டரி ஃபேன் மாதிரி ஒரே சீரா உறுமுற சத்தத்தை நல்லா அடக்கும், பக்கத்து சீட்டு பேச்சையோ ஷீட் கூரையில அடிக்கிற மழையையோ அவ்வளவா அடக்காது. 35 டெசிபல் (சத்தத்தோட அளவு) குறைக்கும்னு போட்டிருந்தா எல்லா சத்தத்துக்கும் இல்ல, அது நல்லா வேலை செய்யுற ஒரு இடத்துல எடுத்த நம்பர்.

40 எம்எம் டிரைவர்ங்கிறது உள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கரோட அளவு, அவ்வளவுதான். அடுப்பு பெருசா இருந்தா சாம்பார் ருசிக்காது. 20லேர்ந்து 20,000 ஹெர்ட்ஸ்ன்னு போடுறது மனுஷக் காதோட எல்லை, எத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள்ளன்னு சேத்து போடலைன்னா அதுக்கு அர்த்தமே இல்ல, ஆனா யாரும் கேக்கறதில்ல. விலையும் துணைக்கு வராது, 2017ல ஜெரோன் ப்ரீபார்ட்ங்கிற ஆராய்ச்சியாளர் 283 ஹெட்போன் அளவுகளை வச்சு பாத்து, விலைக்கும் ஒலி எப்படி வருதுங்கிறதுக்கும் சம்பந்தம் இல்லன்னு எழுதினார்.

அப்ப எப்படி ஒப்பிடுறது? டெமோ பீஸ் வச்சிருக்க கடையா பாத்து பொண்ணையே கூட்டிட்டுப் போங்க, இல்லன்னா அவ பிரண்ட்ஸ்கிட்ட இருக்கிறதை ரெண்டு நாள் வாங்கிப் பாருங்க. ஒரே போன், அவ கேக்குற அதே லெக்சர், போன்ல ஈக்வலைசர், அதான் சத்தத்தை மாத்தி விடுற செட்டிங், ஆஃப். ரெண்டுலயும் சத்தம் ஒரே அளவா இருக்கணும், இதை மட்டும் விட்டுடாதீங்க, கொஞ்சம் கூட சத்தமா இருக்கிறதே நல்லதுன்னு காதுக்கு தோணும், கடைக்காரங்க விக்க நினைக்கிறதை கூட்டி வைப்பாங்க. வாத்தியார் சொல்ற ல, ள, ழ பிரிஞ்சு கேக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. பேஸ், அதான் அடித்தொண்டை மாதிரி தாழ்ந்த சத்தம், அதை மட்டும் தூக்கி வச்ச ஹெட்போன்ல அது மசமசன்னு போயிடும். கண்ணாடி போடுறவளா இருந்தா கண்ணாடியோட மாட்டிப் பாக்கணும். கம்பளி குல்லா மேல மாட்டுனா பேடுக்கு கீழ இடைவெளி விழுந்து பேஸும் போயிடும், பஸ் சத்தமும் உள்ள வரும், நல்ல ஹெட்போனையே மோசம்னு நினைச்சிடுவா.

கோயம்புத்தூர் ரேட்டுக்கு பிராண்ட் பீஸ், பில் மட்டும் கிடையாதுன்னு எஸ்டேட்டுக்கே கொண்டு வந்து விக்கிற ஆளுங்ககிட்ட வாங்கவே வாங்காதீங்க, அது காப்பி பீஸ்தான். ஒயர்லெஸ் ஹெட்போனுக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம், பாக்ஸ்ல ஆர்னு ஆரம்பிக்கிற நம்பரை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்த கம்பெனின்னு வரும். ஆன்லைன்னா "ரிப்ளேஸ்மென்ட் மட்டும்"னு போட்டிருக்கான்னு பாருங்க, அப்படின்னா பிடிக்கலைன்னாலும் அதே மாடல்தான் திரும்பி வரும். எஸ்டேட் அட்ரஸுக்கு ரிட்டர்ன் பிக்கப் வர்றேன்னு சொல்லி வராமலே கேன்சல் பண்ணுவாங்க, டவுன்ல தெரிஞ்ச கடை அட்ரஸ் குடுங்க. புகாருக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே நுகர்வோர் ஆணையத்துல கேஸ் போடலாம், ஆனா 1,500 ரூபாய் சாமானுக்கு கூலியை விட்டுட்டு ஊட்டிக்கு எத்தனை தடவை அலைவீங்க? அதை நம்பித்தான் விக்கிறாங்க.

உங்க ரெண்டுல பஸ்ஸுக்குன்னா 3.9 போட்ட ஏஎன்சி மாடல், காதுல சரியா உக்காந்தா. இந்த விலையில ஏஎன்சி சுமாராத்தான் இருக்கும், இருந்தாலும் இன்ஜின் சத்தம் குறைஞ்சா வால்யூமை ஏத்த மாட்டா. உலக சுகாதார நிறுவனம் சொல்றது பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம், சின்னப் பிள்ளைங்களுக்கு 75. ஒயர் குத்துற ஓட்டை இருக்கான்னும் பாருங்க, மழையில கரண்ட் போயிட்டா அதுதான் கை குடுக்கும். பஸ் விட்டு இறங்கி குவார்ட்டர்ஸுக்கு நடக்கும்போது மட்டும் கழட்டி பைக்குள்ள வச்சிடணும், கோத்தகிரி பக்கம் காட்டுமாடும் கரடியும் ரோட்டுக்கே வருது, காதை மூடி லெக்சர் ஓடிட்டிருந்தா புதருக்குள்ள வர்ற சத்தமே கேக்காது.