பழத்தோலும் பட்டறைக் கழிவுநீரும்: சேலத்துக் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: ஐயா, கொண்டலாம்பட்டியில் சாயப்பட்டறை வைத்திருக்கிறேன். ஆரஞ்சுத் தோலைப் போட்டால் சாயத் தண்ணீர் தெளிந்துவிடும் என்கிறார்கள். மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டிவிடலாமா?

பதில்: கொட்டிவிடாதீர்கள். பச்சைத் தோலிலிருந்து சர்க்கரையும் மஞ்சள் நிறமும் கரைந்து இறங்கி, இரண்டொரு நாளில் தொட்டியே நாற்றமெடுக்கும். தோலை உலர்த்தி, அரைத்து, வடியும் நீர் நிறமற்று வரும்வரை வெந்நீரில் பலமுறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். அதைவிட முக்கியம், உங்கள் சாயம் எந்த வகை என்பது. தோலில் இயற்கையாக உள்ள பெக்டின் என்ற கூழ்ப்பொருளின் கார்பாக்சில் எனும் அமிலத் தொகுதிகள் நீரில் எதிர்மின்னூட்டம் பெறுவதால், மெத்திலீன் நீலம் போன்ற நேர்மின்னூட்டச் சாயங்களை நன்றாகப் பிடித்துக்கொள்கின்றன. பருத்தி நூலுக்குப் போடும் ரியாக்டிவ் சாயமோ எதிர்மின்னூட்டமுடையது, ஆகவே தோலை வேதிமுறையில் மாற்றியமைத்தாலொழிய அதிகம் ஒட்டாது. நிறமே போனாலும், சாயமேற்றுவதற்காக நீங்கள் கொட்டிய உப்பு முழுவதும் நீரிலேயே நிற்கும். திருமணிமுத்தாற்றில் நிறம் ஓடினால் எல்லோரும் பதறுகிறோம், ஆனால் பாசனக் கிணற்றைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த உப்புதான். அதற்கு, சவ்வு வழியே நீரை அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ.வும், மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி வற்றவைக்கும் ஆவியாக்கியும் வேண்டும். தோல் அவற்றுக்கு மாற்றாகாது.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் எங்களுடையது கொலுசுப் பட்டறை. முலாம் பூசிய பின் அலசும் நீருக்கு இது உதவுமா?

பதில்: அம்மா, உங்கள் முலாம் குளியலில் சயனைடு உண்டா என்று முதலில் பாருங்கள். உண்டு என்றால் பழத்தோலை அருகிலேயே கொண்டுசெல்லாதீர்கள். தோலின் புளிப்பு நீரின் காரத்தன்மையைக் குறைத்தால், உயிரைக் குடிக்கும் ஹைட்ரஜன் சயனைடு வாயு கிளம்பக்கூடும். சயனைடை முறையாகச் சிதைத்த பிறகு எஞ்சும் செம்புக்கு மட்டும் தோலை நினைக்கலாம்.

கேள்வி: நான் கல்லூரி மாணவன். ஆயிரம் லிட்டருக்கு எவ்வளவு தோல் தேவைப்படும்?

பதில்: ஒரு கிராம் தோல் 20 மில்லிகிராம் செம்பைப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 மில்லிகிராம் செம்பு இருந்தால், ஆயிரம் லிட்டரில் இருப்பது 10 கிராம். கணக்குப்படி அரைக் கிலோ தோல் போதும். பட்டறை நீரிலோ கால்சியம் முதலிய பிற அயனிகளும் தோலில் செம்பு ஒட்டும் அதே இடத்துக்குப் போட்டியிடுவதால், அதைவிடக் கூடுதலாகவே தேவைப்படும். நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.ஹெச். அளவு 4 முதல் 6 வரை இருக்கட்டும். அதற்குக் கீழே ஹைட்ரஜன் அயனிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேலே போனால் செம்பு தானே வீழ்படிவாகிவிடும், நீங்களோ தோலின் வேலை என்று எழுதிவைப்பீர்கள்! தோல் போடாத ஒரு குடுவையையும் கட்டாயம் பக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் தோலைக் காயவைத்தால் பூசணம் பிடிக்கிறதே?

பதில்: மலையின் மூடுபனியில் அப்படித்தான் ஆகும். சேலத்துக்கு இறக்கி, மொட்டைமாடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். வளைத்தால் படக்கென்று ஒடிய வேண்டும். கோடையில் மல்கோவா, பெங்களூரா மாம்பழத் தோலும் தாராளமாகக் கிடைக்கும். அதிலும் பெக்டின் உண்டு.

கேள்வி: வேலை முடிந்த தோலை எருவாக வயலில் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. நீரிலிருந்து எடுத்த உலோகம் முழுவதும் அந்தத் தோலில்தான் இருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அலசினால் செம்பு பெரும்பாலும் பிரிந்துவிடும். தோலைச் சில முறை மறுபடி பயன்படுத்தலாம். கடைசியில் எஞ்சுவதை அபாயக் கழிவாகவே கருதி, அனுமதி பெற்ற கழிவு மேலாண்மை நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.