கண்ணைப் பொத்திய கை – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றில் கணக்குப் பார்க்கும் வேலை. சீசன் முடிந்ததும் குடும்பத்தோடு வேன் பிடித்து, கர்நாடகத்திலுள்ள சமணத் தலமான சிரவணபெளகொளா போய் வந்தோம். படியேறி, மூச்சு வாங்கி, ஆடையில்லாமல் நிற்கும் கோமதேஸ்வரர் சிலை முன்னால் நின்றதுதான் தாமதம், என் அம்மா ஒன்பது வயது மகளின் கண்ணைப் பொத்திவிட்டார். “பொட்டப்புள்ள இதையெல்லாம் பாக்கக் கூடாது.” என் மனைவி அந்தக் கையை விலக்கிவிட்டாள். மகள் நிமிர்ந்து பார்த்து, “இவரு குளிக்கப் போறாராப்பா?” என்று கேட்டாள். அதோடு முடிந்திருக்க வேண்டியது. ஓசூர் வரும்வரை வேனுக்குள் மாமியாரும் மருமகளும் ஓயவில்லை.

நான் மனைவி பக்கம். யாரும் துணியோடு பிறப்பதில்லை, ஆடுமாடு எதுவும் உடுத்துவதில்லை. நிர்வாணம் இயற்கை, வெட்கம் நாமாகக் கற்றுக்கொண்டது என்று நினைக்கிறேன். அம்மாவிடம் சொன்னால், “அப்ப நாளைக்கு நீ அப்படியே ஃபேக்டரிக்குப் போ” என்கிறார். ஆனால் ஒகேனக்கல்லில் என் மூன்று வயதுப் பையன் துணியில்லாமல் தண்ணீரில் ஆடிய போட்டோவை ஃபேமிலி குரூப்பில் போட்டபோது, முதல் ஆளாக இதயம் போட்டது இதே அம்மாதான். நிர்வாணம் ஒழுக்கக்கேடா, இயற்கையா? நீங்கள் சொல்லுங்கள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அம்மாவின் பதிலை ரசித்தேன். அதற்கு உங்களிடம் மறுபதில் இல்லை என்பதும் கடிதத்தில் தெரிகிறது.

இயற்கை என்ற வாதத்தை முதலில் ஒதுக்கி வைத்துவிடலாம். மலேரியாவும் இயற்கைதான். சோறு பொங்குவதும் செத்தவரைப் புதைப்பதும் நாம் கற்றுக்கொண்டவை. அதனால் அவை போலியாகிவிடவில்லை. வெட்கமும் அப்படித்தான். கற்றுக்கொண்டது என்று கண்டுபிடித்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம் என்பது காலேஜ் வயது வாதம். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவர் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதற்காக அம்மா கட்சிக்கு வந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். அந்தச் சிலை என்ன சொல்கிறது என்பதை மகளுக்குச் சொல்ல உங்கள் மூன்று பேருக்குமே தோன்றவில்லை என்பதுதான் என் குறை. கோமதேஸ்வரர் என்பது பாகுபலியின் இன்னொரு பெயர். அவர் அண்ணன் பரதனோடு நாட்டுக்காகப் போட்டியிட்டு, ஜெயித்து, ஜெயித்த கையோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தவத்துக்கு நின்றவர். காலில் கொடி படர்ந்து கைவரை ஏறியிருப்பதையும், பாதத்தருகே புற்று எழும்பியிருப்பதையும் சிற்பி செதுக்கி வைத்திருக்கிறான். அத்தனை காலம் அசையாமல் நின்றார் என்று காட்டத்தான். சமணத்தில் திகம்பரப் பிரிவுத் துறவிகளுக்கு ஆடையும் ஓர் உடைமை. ஒரு துணி இருந்தால் துவைக்க வேண்டும், உலர்த்த வேண்டும், கிழிந்தால் இன்னொன்றை யாரிடமாவது கேட்க வேண்டும். அதனால் துணியையும் விட்டார்கள். இது ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும். “குளிக்கப் போறாரா” என்று கேட்ட பிள்ளைக்குத் தாராளமாகப் புரியும்.

57 அடி உயரம், ஒரே கல். கி.பி. 981 வாக்கில் கங்கர்களின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் இருந்த சாமுண்டராயர் செய்வித்தது. பாதத்தின் பக்கத்தில் கன்னடம், மராத்தி, தமிழ் மூன்றிலும் கல்வெட்டு உண்டு. தமிழில் ‘சாமுண்டராஜன் செய்வித்தான்’ என்றிருக்கிறது. அடுத்த முறை போனால் அதையும் தேடிப் பாருங்கள். இது ஏதோ கன்னடத்துக்காரர் சமாச்சாரம், நமக்குச் சம்பந்தமில்லை என்று அம்மா சொன்னால், தகடூர், அதாவது இன்றைய தருமபுரியின் கதையைச் சொல்லுங்கள். 9ஆம் நூற்றாண்டில் நுளம்பர் ஆட்சியில் இங்கே வணிகர்கள் சமணப் பள்ளி கட்டியதையும், அதற்கு ஊர் ஒன்று கொடையாக விடப்பட்டதையும் தருமபுரிக் கல்வெட்டே சொல்கிறது. அன்றைக்கு இந்தத் தெருக்களிலும் ஆடையில்லாத முனிவர்கள் நடந்திருப்பார்கள்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் அம்மா தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போகிறவரா? நம் பக்கத்தில் போகாதவர்கள் குறைவு. பூசணிக்காயை இரண்டாக வெட்டி விளக்கேற்றி வரிசையில் நிற்பார்கள். பைரவருக்கு ஆகமங்கள் சொல்லும் உருவம் ஆடையற்றது: இடுப்பில் பாம்பு, பக்கத்தில் நாய். தாருகாவனத்துக்குப் பிச்சை எடுக்கப் போன சிவனின் வடிவமான பிட்சாடனரும் அப்படியே. கோயிலில் வேட்டி சாத்தி, மாலை போட்டு அலங்காரம் செய்துவிடுகிறோம், அதனால் தெரிவதில்லை. ஆடையில்லாத உருவத்தைச் செய்யவும் நமக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கு ஆடை சாத்தவும் தெரிந்திருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் இரண்டையும் சண்டையில்லாமல் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

பாலக்கோடு பக்கம் எங்கள் ஆயா ரவிக்கை போட்டதே இல்லை. முந்தானையை மாரின் குறுக்கே இழுத்து இடுப்பில் செருகியிருப்பார். களையெடுக்கக் குனியும்போதோ கூடை இறக்கும்போதோ விலகும். அவரும் கவனிக்க மாட்டார், எதிரில் நிற்கிறவர்களும் கவனிக்க மாட்டார்கள். என் அக்கா கல்யாணத்துக்கு போட்டோ எடுப்பார்களே என்று வற்புறுத்தி ஒரு ரவிக்கை தைத்துப் போட்டுவிட்டோம். அக்குளில் அரிக்கிறது என்று பந்தி முடிவதற்குள் கழற்றிப் பையில் வைத்துவிட்டார். அவரை யாராவது ஒழுக்கம் கெட்டவர் என்று சொல்லியிருந்தால் களைக்கொத்தோடு வந்திருப்பார்.

ஆனால் இதே உடம்பு, இதே திறந்த மார்பு, தெற்கே திருவிதாங்கூரில் வேறு கதை. நாடார் பெண்களும் இன்னும் பல சாதிப் பெண்களும் மேல்சாதிக்காரர்கள் முன்னால் மார்பை மறைக்கக் கூடாது என்று வைத்திருந்தார்கள். மறைத்தவர்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். பல பத்தாண்டுகள் போராடி, 1859இல்தான் நாடார் பெண்கள் மார்பை மூடலாம் என்று அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு வால். ஆயா தன் இஷ்டத்துக்குத் திறந்து போட்டார். அங்கே திறந்து போடு என்று உத்தரவு. உடம்பைப் பார்த்தால் வித்தியாசம் கிடையாது. எது தப்பு என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னும் கிட்டத்தில், தருமபுரி மாவட்டத்திலேயே, வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீஸும் வருவாய்த் துறையும் மலையாளி என்ற மலைவாழ் பழங்குடியினரின் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். வழக்கு முடிவதற்குள் 54 பேர் செத்துப்போனார்கள். மிச்சமிருந்த 215 பேருக்கும் 2011இல் தண்டனை கிடைத்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் முப்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்தார்கள். ஒழுக்கம் என்ற சொல்லை நம் பக்கத்தில் எங்கே பயன்படுத்த வேண்டுமோ அங்கே பயன்படுத்தாமல், ஒரு கற்சிலையின் முன்னால் கொண்டுபோய் நிறுத்துகிறோம் என்பதில் எனக்கு ஆற்றாமை உண்டு.

சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பார்க்கிறது. பொது இடத்தில் மற்றவர்களுக்குத் தொந்தரவாக ஆபாசமாக நடந்துகொண்டால் அதிகபட்சம் மூன்று மாதச் சிறை. பெண் தனியாக இருக்கும்போது ஒளிந்து பார்த்தாலோ படம் பிடித்தாலோ முதல் தடவைக்கே ஒன்றிலிருந்து மூன்று வருஷம். பெண்ணின் ஆடையைப் பலவந்தமாக அவிழ்த்தால் மூன்றிலிருந்து ஏழு. பழைய சட்டத்திலும் இதுதான், 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்திலும் இதுதான். டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த கறுப்பினப் பெண்ணும் ஆடையின்றி நின்ற படத்தை இங்கே பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்த வழக்கு, உச்சநீதிமன்றத்தில் 2014இல் முடிந்தது. நிறவெறிக்கு எதிராக எடுக்கப்பட்ட படம் அது. ஆடையில்லை என்பதற்காகவே ஒரு படம் ஆபாசமாகிவிடாது, எந்தச் சூழலில், என்ன சொல்வதற்காக என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சரி, ஒகேனக்கல்லுக்கு வருகிறேன். அங்கே பாறைமேல் வரிசையாக ஆண்கள் ஜட்டியோடு குப்புறப் படுத்திருப்பார்கள்; எண்ணெய் தேய்ப்பவர் முதுகில் சளார் சளார் என்று அடிப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொஞ்சம் தள்ளி பெண்கள் நைட்டியோடும் சுடிதாரோடும், அதற்கு மேல் துண்டும் போட்டுக்கொண்டு தண்ணீரில் நிற்பார்கள். தலை முதல் கால்வரை துணி. அப்படியும் எந்தப் பக்கமிருந்து எவன் போனை நீட்டுகிறான் என்று பார்த்துக்கொண்டேதான் முங்கி எழ வேண்டும். நான் குளிக்கும்போது என் மருமகள் துண்டைப் பிடித்துக் காவல் நிற்பாள், அப்புறம் அவள் முறைக்கு நான். அங்கே கொச்சையானது அந்தப் போன். ஜட்டியோடு படுத்திருப்பவரால் யாருக்கும் எந்தக் கெடுதலும் இல்லை.

அம்மாவை ரொம்பக் கோபிக்காதீர்கள். அந்த வயதுப் பெண்களுக்குப் பார்வையிலிருந்து தப்பிக்கச் சொல்லித் தந்த ஒரே வழி மூடுவது. பேத்தியைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பொத்தியிருப்பார். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அது ஆபத்தாகத்தான் முடியும். உடம்பு என்றாலே கண்ணை மூடிக்கொள்ள வேண்டிய விஷயம் என்று பழகிய குழந்தை, நாளைக்கு எவனாவது தொடக் கூடாத இடத்தில் தொட்டால் வீட்டில் வாயைத் திறக்காது. அதற்கு வார்த்தையும் தெரியாது, தைரியமும் வராது. சிலையைப் பார்க்கட்டும். உறுப்புகளின் பெயரைச் சொல்லிக் கொடுங்கள். தன் உடம்பை யார் பார்க்கலாம், யார் தொடலாம், எப்போது கத்த வேண்டும் என்பதையும் 1098 என்ற குழந்தைகள் உதவி நம்பரையும் உங்கள் மனைவி சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் நல்லது.

ஃபேக்டரிக்கு அப்படியே போகச் சொன்னாரே, அதற்கான பதில்: போக வேண்டாம். கூட வேலை செய்கிறவர்கள் யாரும் உங்களைப் பார்க்கச் சம்மதிக்கவில்லை.

கடைசியாக அந்த போட்டோ. பையன் ஆற்றில் ஆடியதில் ஒரு தப்பும் இல்லை. படத்தைப் போட்டது தப்பு. நாற்பது, ஐம்பது பேர் இருக்கும் குரூப்பில், அது எங்கெங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது. அவனைக் கேட்கவும் முடியாது, அவனுக்குச் சொல்லவும் தெரியாது. இன்றைக்கே எடுத்துவிடுங்கள். குரூப்பில் எடுத்தால் மட்டும் போதாது, எல்லார் போன் கேலரியிலும் தானாக இறங்கியிருக்கும். அம்மா போனிலிருந்து ஆரம்பியுங்கள்.

அன்புடன்,
அக்கா